சண்முகத்தாயின் ‘சரி’

எங்கள் பேச்சுப் பயிற்சித் துறைப் பிள்ளைகளின் வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒரு படம் வந்தது. பக்கவாதம் வந்து பேச்சு போன ஒருவர் கையில் சின்னக் கணினி. அதில் தண்ணீர்ச் செம்புப் படத்தைத் தொட்டால், “எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்று அதுவே பேசுகிறது. கீழே ஒரு பெண், நான் வேலை சொல்லிக் கொடுத்தவள், கேலியாகக் கேட்டிருந்தாள்: “அக்கா, இது எதுவும் இல்லாம நீங்க எல்லாம் என்னத்த வச்சுப் பேச வச்சீங்க?”

நல்ல கருவிதான். குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் கேட்க முடியாமல் தவித்தவர்களை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் ‘என்னத்த வச்சு’ என்று கேட்டதால் சொல்கிறேன். ஒரு தடவை ஒரு பாட்டை வைத்துப் பேச வைத்தோம். எட்டே வரி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு. கவிதை தைரியம் கொடுக்கும் என்று விழாக்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொட்டாவி வரும். இது அந்த மாதிரிப் பேச்சு இல்லை. என் மேஜைக்கு எதிரே நடந்தது.

நான் பேச்சுப் பயிற்சியாளராகப் படித்தது வெளியூரில். திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, படிப்பில் கொடுத்த படச் சீட்டுகளைப் பெட்டியில் கட்டி எடுத்துவந்தேன். ஒன்றில் பனிமனிதன், இன்னொன்றில் ஸ்ட்ராபெரி. களக்காட்டுக்காரரிடம் பனிமனிதனைக் காட்டி “இது என்ன?” என்றால், பேச்சு போகாதவர்கூட முழிப்பார். ஒரு வாரத்தில் அதையெல்லாம் பரணில் போட்டுவிட்டுச் சொளகு, பனைஓலைப் பெட்டி, குத்துப்போணி என்று இந்த ஊர் வீட்டுச் சாமான்களை நானே வரைந்துகொண்டேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் கிரேஸ் மேடத்திடம் கற்றது.

கிரேஸ் மேடம் எங்கள் பிரிவின் தலைவி. பாளையங்கோட்டைக்காரர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் கணீரென்ற குரல். ஆனால் நோயாளி முன்னால் உட்கார்ந்தால் அந்தக் குரலே இருக்காது. ஒரு கேள்வி கேட்பார். கேட்டதும் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக் கடைவாயில் கடித்துக்கொள்வார். அவ்வளவுதான். நோயாளி திணறுவார், வியர்ப்பார், பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் நெளிவார்கள். மேடம் வாயைத் திறக்க மாட்டார். கண்ணை மட்டும் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார்.

“கிராம்பு எதுக்கு மேடம்?” என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

“பல்லுவலிக்குன்னு நெனச்சியா பிள்ள? எனக்கு வாய் நீளம். அவுங்க தேடுத வார்த்தைய நான் எடுத்துக் குடுத்துருவேன். குடுத்துட்டா அது என் வார்த்தை, அவுங்களுது இல்ல. அதான் வாய்க்கு ஒரு பூட்டு.”

பார்க்கத்தான் சுலபம். நம் ஊர்க்காரர்களுக்கு இது ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டில் ஒருத்தர் ‘நா...’ என்று இழுத்தால் ‘நாளைக்கா, நாத்தனாரா, நாடகமா’ என்று நாலு பேர் எடுத்துக் கொடுக்கிற ஊர் இது. அன்புதான். ஆனால் எங்கள் அறையில் அந்த அன்பு மாதிரிக் கெடுதல் வேறு இல்லை.

சண்முகத்தாய் விஷயத்துக்கு வருமுன் ஒன்று சொல்லவேண்டும். டவுண் பக்கத்திலிருந்து ஒரு ஓதுவார் வந்திருந்தார். பக்கவாதத்தில் பேச்சு சுத்தமாகப் போயிருந்தது. தன் பேரைச் சொல்ல வராது. ஆனால் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் பதிகம் முழுவதையும் பிசிறில்லாமல் பாடிவிடுவார். பாடி முடித்ததும், தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். பாட்டு மூளையில் ஒரு பெட்டியில் இருக்கிறது, சொந்தப் பேச்சு வேறு பெட்டியில் இருக்கிறது. ஒன்று உடைந்தாலும் மற்றது தப்பிப் பிழைக்கும். படிப்பில் இதைப் படித்திருந்தேன், அவரிடம்தான் பார்த்தேன்.

சண்முகத்தாய் முக்கூடலிலிருந்து வந்தாள். ஐம்பதை நெருங்குகிற வயது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்திருந்தன. கூடவே கணவர் பரமசிவன், முக்கூடலில் உரக்கடை வைத்திருக்கிறவர், ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். மகள் காந்திமதி, விவசாயப் படிப்பு முடித்திருந்த பெண். அப்பா இருக்கும் இடத்தில் சுவரோடு சுவராக நிற்பாள்.

அண்ணாச்சியைப் பற்றி ஒரு தப்பு எண்ணம் வந்துவிடக்கூடாது. மனைவிக்கு வாயில் எச்சில் வழிந்தால் தன் தோள் துண்டால் துடைப்பார். தலைவாரி விடுவார், வகிடு கோணல்மாணலாக இருக்கும். பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து ஆற்றி ஆற்றிக் கொடுப்பார். தங்கமான மனுஷன். ஆனால் நான் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்து வரும்.

“உங்க பேரு என்னம்மா?”

“சண்முகத்தாய் மேடம்.”

“அண்ணாச்சி, நான் அவங்களைக் கேட்டேன்.”

“அவளால எப்படிச் சொல்ல முடியும்? நல்லா இருக்கும்போதே எல்லாத்தையும் நான்தான சொல்லுவேன்.”

அவளுக்குக் காது நன்றாகக் கேட்டது, சொல்வதெல்லாம் புரிந்தது. வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. ‘சரி’. இந்த நோயில் இப்படிச் சிலருக்கு ஒரு சொல் மாட்டிக்கொள்ளும். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வந்து விழும். ஒருவருக்கு ‘முருகா’, ஒருவருக்கு அச்சில் ஏற்ற முடியாத கெட்ட வார்த்தை. இவளுக்குச் ‘சரி’. காப்பி வேண்டுமா? சரி. வலிக்கிறதா? சரி. போதுமா? சரி. தலையும் கூடவே ஆடும்.

ஒரு நாள் பயிற்சி முடிகிற நேரத்தில் அண்ணாச்சி சிரித்த முகத்தோடு அவள் பக்கம் குனிந்தார். “ஏளா, அம்பாசமுத்திரத்து அக்கா கேட்டுக்கிட்டே இருக்கா. காந்திமதிய அவ மவனுக்கே முடிச்சிருவோம். ஒனக்கும் வீட்டுல ஒரு கல்யாணத்தப் பாத்தா தெம்பு வரும். என்ன, சரிதான?”

“சரி” என்றாள்.

சொன்ன அடுத்த கணம் இடது கையால் தன் வாயிலேயே ஓங்கி அடித்துக்கொண்டாள். அண்ணாச்சி பதறிக் கையைப் பிடித்தார். “அழாதட்டீ, நீ எந்திச்சு நின்னு தாம்பூலம் மாத்துவ பாரு” என்று கண்ணைத் துடைத்துவிட்டார். சுவரோடு நின்ற மகளின் முகத்தை நான் பார்த்தேன். ரத்தம் வற்றிப்போயிருந்தது.

வராந்தாவில் அவளைப் பிடித்துக் கேட்டேன். கோயம்புத்தூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். “அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ சும்ம இருன்னு அம்மா சொன்னா மேடம். சொல்லணும்னு நெனச்சிட்டிருந்த வாரத்துலதான் இப்படி விழுந்துட்டா.”

“நீ சொல்லேன்மா.”

“அப்பா முன்னால எனக்குத் தொண்டையே தொறக்காது மேடம்” என்றாள். அவளுக்கு மூளையில் ஒரு கோளாறும் இல்லை.

அண்ணாச்சியைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னேன். அந்தச் ‘சரி’ சம்மதம் இல்லை, நோய். எதைக் கேட்டாலும் அதுதான் வரும். வேண்டுமானால் ‘நீ என்னை விட்டுட்டுப் போயிருதியா’ என்று கேட்டுப்பாருங்கள், அதற்கும் சரி என்பாள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக எனக்கு விளக்கினார். “நீங்க அவள இப்பத்தான பாக்கிய. கட்டிட்டு வந்த நாள்ல இருந்து எதக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவா. அது நோயில்ல மேடம். அவ கொணம்.”

நான் எழுந்துவிட்டேன்.

கிரேஸ் மேடத்திடம் ஓடினேன். “பொண்ணு விஷயத்தை நானே அவர்கிட்ட உடைச்சுச் சொல்லிரட்டுமா மேடம்? வெத்தல பாக்கு மாத்த நாள் பாத்தாச்சாம்.”

மேடம் வாயிலிருந்த கிராம்பை எடுத்துத் தாளில் வைத்தார். “அந்தப் புருசன் அவளுக்காகப் பேசுதாரு. நீயும் அவளுக்காகப் பேசணும்னு சொல்லுத. அப்ப அவ எங்க? சொல்லுததா இருந்தா அவ சொல்லட்டும், இல்ல அந்தப் பிள்ள சொல்லட்டும். நீ வழி மட்டும் பண்ணு. கடேசி நாள் வரைக்கும் ஒண்ணும் நடக்கலன்னா எங்கிட்ட வா, அப்பப் பாப்போம்.”

வழி பண்ணு! எண்களைச் சொல்லவைத்தேன். கிழமைகள், சாமி பாட்டு, சினிமாப் பாட்டு. ஒன்றும் ஓடவில்லை, சரி சரி என்று முட்டி நின்றது. கடைசியில் காந்திமதியைக் கேட்டேன், அம்மாவுக்கு வேறு ஏதாவது மனப்பாடமாகத் தெரியுமா என்று. அவள் யோசித்தாள்.

“எனக்குச் சடை பின்னும்போது ஒரு பாட்டுச் சொல்லுவா. அவ ஒம்பதாங்கிளாஸ் படிக்கைல தமிழ் டீச்சர் எழுதிக் குடுத்ததாம், ஆண்டு விழாவுல சொல்ல. அதுக்குள்ள அவ பெரிய பிள்ளையாயிட்டா. பள்ளிக்கூடத்த நிப்பாட்டிட்டாக. மேடையில ஏறவே இல்ல.”

பாட்டை வாங்கி எழுதிக்கொண்டேன்.

வாய்க்கால் கேட்டது ஆற்றைப் பார்த்து:
‘வழிவிடச் சொல்லி யாரைக் கேட்டாய்?’
ஆறு சொன்னது நடந்து கொண்டே:
‘கேட்டு நின்றால் குளமாய் இருப்பேன்.
போகாதே என்று சொன்னது பாறை;
பாறை இன்னும் அங்கே நிற்கும்.
வந்ததனால் நான் ஆறாய் ஆனேன்;
வா நீ தங்காய், என்னோடு ஓடு!’

அடுத்த தடவை வந்தபோது அவளுடைய இடது கையை என் கையில் எடுத்து, மேஜையில் தட்டித் தட்டித் தாளம் போட்டபடி “வாய்க்கால் கேட்டது” என்று ஆரம்பித்தேன். அவள் உதடு நடுங்கியது. ‘ஆற்றை’ என்று கூடவே வந்தாள். மூன்றாவது வரியில் நான் குரலை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. வார்த்தை வார்த்தையாக, மேடையில் நிற்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக் கடைசி வரி வரை போய் நின்றாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

அண்ணாச்சி குலுங்கி அழுதார். பிறகு ஆளைக் காணோம். டவுணுக்குப் போய் அல்வா வாங்கிவந்து, வார்டில் இருந்த அத்தனை பேருக்கும், காவல்காரர் உட்பட, கொடுத்துக்கொண்டிருந்தார். “எம் பொண்டாட்டிக்குப் பேச்சு வந்துட்டு!” நாளைக்கே தாம்பூலத்துக்குச் சொல்லிவிடலாம் என்று ஒரே குதியாட்டம். அந்த மனுஷனிடம் அல்வாவைக் கையில் வாங்கிக்கொண்டே சொல்லவேண்டியிருந்தது: “பேச்சு வரல அண்ணாச்சி. பாட்டுத்தான் வந்திருக்கு. இனிமேத்தான் வேலை.” அவர் முகம் அப்படியே சுருங்கிப்போனது.

அந்த வேலை எப்படி என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முதலில் கூடச் சேர்ந்து சொல்லவேண்டும், தாளம் தப்பாமல். பிறகு வரியின் கடைசிச் சொல்லை நாம் விடவேண்டும், அவர் போடவேண்டும். அது பழகியதும் தாளத்தை நிறுத்திவிட்டுச் சாதாரணமாகக் கேட்கவேண்டும்: வாய்க்கால் யாரைப் பார்த்துக் கேட்டது? இங்கேதான் கஷ்டம். பாட்டில் வழுக்கிக்கொண்டு வருகிற அதே சொல், கேள்விக்குப் பதிலாக வர மறுக்கும். கேட்டுவிட்டு, மேடம் மாதிரி நானும் ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டேன். ‘சரி’ வந்தது. தலையை உலுக்கினாள். மறுபடி ‘சரி’. தானே மேஜையில் தட்டி, முதல் வரியை முணுமுணுத்து, அந்த ஓட்டத்தில் போய்ச் சொல்லைப் பிடித்து இழுத்து வந்தாள். “ஆ... ஆத்தை.”

பாட்டில் இருந்தது ‘ஆற்றை’. அவள் சொன்னது ‘ஆத்தை’. முக்கூடல் பேச்சு, அவளுடைய சொந்தப் பேச்சு! எனக்கு எழுந்து குதிக்கவேண்டும் போல இருந்தது. அதன் பிறகு ‘பாறை’ வந்தது, ‘போகாதே’ வந்தது. பாட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை வரவில்லை. தாம்பூல நாளோ நெருங்கிக்கொண்டே இருந்தது.

முந்தின நாள் பயிற்சிக்கு அண்ணாச்சி பட்டுச்சேலைப் பையோடு வந்தார். உட்காரும்போதே பேச்சு. “நாளைக்கு இதான் கட்டிக்கிடணும். அக்கா காலையிலேயே கெளம்பி வந்துருவா. மாப்பிள்ளைக்கு மோதிரம் அளவெடுத்தாச்சு. என்னளா, சரிதான?”

“சரி” என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிறகு இடது கை மேஜையில் தட்ட ஆரம்பித்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு கை கொடுக்கவில்லை. “வாய்க்கால்... கேட்டது...”

“பாட்டுச் சொல்லுதா பாருங்க” என்று அண்ணாச்சி பெருமையாக என்னைப் பார்த்தார்.

இரண்டாவது வரி போயிற்று. மூன்றாவது போயிற்று. “கேட்டு நின்றால்... குளமாய்...” நின்றுவிட்டாள். அடுத்த சொல்தான் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆயிற்றே! எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். ஏன் நிற்கிறாள் என்று எனக்கே புரியவில்லை. அண்ணாச்சிக்கும் இதற்குள் பாட்டு மனப்பாடம். ‘இரு...’ என்று எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்துவிட்டார். இழுப்பறையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து அவர் கையில் திணித்தேன். “இதக் கடிங்க அண்ணாச்சி. வாயத் தொறக்காதிய.” பாவம், ஏன் எதற்கு என்று கேட்காமல் கடித்துக்கொண்டார்.

அவள் நெற்றியில் வியர்வை பொடித்தது. தட்டிக்கொண்டிருந்த இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தாள்.

“நான்... கொளம்.”

அந்தக் கை மெல்லக் கதவுப் பக்கம் நீண்டது. அங்கே மகள் நின்றிருந்தாள்.

“அவ... ஆறு.” மூச்சு வாங்கியது. “வி... விடுங்க.”

அண்ணாச்சி வாயில் இன்னும் கிராம்பு. பிறகு மகள் பக்கம் திரும்பினார். “என்னத்தட்டீ விடணும்? எங்க போகணும்?”

காந்திமதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண் எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்து, ஒரே மூச்சில் சொன்னாள்: “கோயம்புத்தூர்ல மேல படிக்க எடம் கெடச்சிருக்குப்பா. எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்பா. அத்தான் நல்லவருதான், ஆனா எனக்கு வேண்டாம். நான் படிக்கப் போணும்.”

“ஒங்க அம்மைக்கு இது தெரியுமா?”

“அவதான் ஒங்கள்ட்ட சொல்லுதேன்னு சொன்னா. அதுக்குள்ள...”

அண்ணாச்சி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப இத்தன நாளும் இதத்தான் மனசுல வச்சிக்கிட்டு சரி சரின்னியாளா?” என்றார். குரல் பாதியில் உடைந்துவிட்டது. எழுந்து வராந்தாவுக்குப் போனார். செல்போனில் பேசியது எங்களுக்குக் கேட்டது.

“அக்கா, நாளைக்கு வர வேண்டாம்... இல்லக்கா, அவன் மேல ஒரு கொறையும் இல்ல... எம் பொண்டாட்டி வேண்டாம்னுட்டா... ஆமா, அவதான் சொன்னா... பேசுதாக்கா. அவளே பேசுதா.”

அக்காவுக்குக் கோபம்தான். சில காலம் போக்குவரத்து இல்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கோபம் வராமல் எப்படி இருக்கும்? கொடுத்த வாக்கல்லவா. காந்திமதி கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தாள். சண்முகத்தாய்க்குப் பழையபடி கடகடவென்று பேச்சு வந்துவிட்டது என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன். இரண்டு மூன்று சொல்லாகக் கோத்துப் பேசுமளவு வந்தது. அந்த நோய்க்கு அது பெரிய காரியம்.

அந்தப் பாட்டை எழுதிய டீச்சர் யாரென்று எனக்குத் தெரியாது. ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்காக எழுதியிருக்கிறார். அது மேடை ஏறவேயில்லை. ஒரு பெண்ணின் தலைக்குள் அத்தனை வருஷம் கிடந்து, அவளிடம் இருந்த சொற்கள் எல்லாம் அழிந்துபோன நாளில் பிடித்து ஏற ஒரு படியாக நின்றது. நல்ல கவிதை என்றால் என்னவென்று இனிமேல் என்னிடம் யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

தாம்பூலம் நின்றுபோன அடுத்த வாரம் அவர்கள் வந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அண்ணாச்சி வழக்கத்துக்கு விரோதமாக ஒன்றும் பேசாமல் வந்தார். அவளை நாற்காலியில் உட்கார்த்தி, தானும் எதிரே உட்கார்ந்தார். என்னைக் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார்.

“ஏளா, எம்மேல கோவமா ஒனக்கு?”

கேட்டுவிட்டு இரண்டு கையையும் தொடை மேல் வைத்து அழுத்திக்கொண்டு காத்திருந்தார். அவள் வாய் ‘ச’ என்று குவிந்தது. தலையை உலுக்கி அதைத் தள்ளினாள். மறுபடி குவிந்தது, மறுபடி தள்ளினாள். அவருக்கு உதடு துடித்தது, ஆனாலும் எடுத்துக் கொடுக்கவில்லை.

“ஆ...மா” என்றாள்.

அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு வராந்தாவுக்கு ஓடினார். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத நோயாளிகளிடமெல்லாம், கண்ணில் நீர் கொட்ட, சிரித்துக்கொண்டே சொன்னார்: “எம்மேல கோவமாம்! அவளே சொல்லிட்டா! எம் பொண்டாட்டிக்கு எம்மேல கோவமாம்!”

உள்ளே சண்முகத்தாய் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றுமே கேட்காமல், இந்தத் தடவை கொஞ்சமும் திக்காமல், இன்னொரு முறை “ஆமா” என்றாள்.